பதினேழாம் வரிசையின் மைனஸ்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கே அப்படிச் சொன்னால்தான் பிடிபடுகிறது.

1. வானியல் ஆய்விதழ் ஒன்றுக்கு ஒரு கட்டுரை வந்தது. அதன் இரண்டாம் டேபிளில், பதினேழாம் வரிசையில், ஓர் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி இருந்தது.
2. எங்கள் அலுவலகம் அந்தக் கட்டுரைக்கு ப்ரூஃப் தயாரித்து, எழுதியவருக்கு அனுப்பியது. அதிலும் மைனஸ் இருந்தது.
3. அவர் படித்துப் பார்த்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்தார்.
4. கட்டுரை இதழின் இணையதளத்தில் வெளியானது.
5. வேறொரு நாட்டு ஆய்வுக் குழு, பதினேழாம் வரிசையில் உள்ள நட்சத்திரத்தைப் பெரிய டெலஸ்கோப்பால் பார்த்தது. கட்டுரை சொல்வது போல அங்கே எதுவும் நடக்கவில்லை என்று எழுதிவிட்டது.
6. கட்டுரையை எழுதியவர் எங்களுக்குப் போன் செய்தார். டேபிளில் மைனஸ் இல்லை என்றார்.
7. நான் டேபிளைத் திறந்து பார்த்தேன். மைனஸ் இருந்தது.
8. அவர் மறுபடி பார்த்தார். இல்லை.

இரண்டு பேரும் ஒரே கட்டுரையின் ஒரே டேபிளில் ஒரே வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் கண் நன்றாகவே தெரியும்.

எங்கள் வேலை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே, வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. போர்டில் 'பப்ளிஷிங் சர்வீசஸ்' என்று எழுதியிருப்பதால் வாரத்துக்கு ஒருவராவது மாடியேறி வந்து, "ஜெராக்ஸ் எடுப்பீகளா?" என்றோ, "கல்யாணப் பத்திரிக்க அடிக்கணும், என்ன ரேட்டு?" என்றோ கேட்பார். நாங்கள் அடிப்பதில்லை. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் நடத்தும் ஆய்விதழ்களின் கட்டுரைகளைத் தயார் செய்து கொடுக்கிறோம்.

ஓர் ஆராய்ச்சியாளர் எழுதிய கட்டுரையை, அதே துறையைச் சேர்ந்த வேறு சிலர் படித்துக் கேள்வி கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லி, இதழ் ஏற்றுக்கொண்ட பிறகுதான் கட்டுரை எங்களிடம் வரும். மொழியைச் சீர்செய்வது நஸ்ரின். கீழக்கரையிலிருந்து வருகிறாள். டேபிள், சமன்பாடு, படம் ஆகியவற்றை வடிவமைப்பது நான். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு இங்கே சேர்ந்தவள். எங்கள் டீம் லீடர் ராமர் அண்ணன். கட்டுரை எழுதியவரை நாங்கள் 'ஆத்தர்' என்றுதான் சொல்வோம். தமிழில் 'ஆசிரியர்' என்றால் இதழாசிரியரா, எழுதியவரா என்ற குழப்பம் வரும். குழப்பம் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறது.

தயாரான பக்கங்களை ஆத்தருக்கு அனுப்புவதுதான் ப்ரூஃப். அவர் ஒப்புதல் கொடுத்துவிட்டால், அதன்பின் கட்டுரையில் இருக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணுக்கும் அவரே பொறுப்பு. எங்கள் தொழிலில் இது மிகப் பழைய வழக்கம். யாரும் அதைக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

போன்

அந்த ஆத்தரின் பெயர் செல்வகணபதி. ஊர் பொள்ளாச்சி. ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிகப் பணியில் இருக்கிறார். ப்ரூஃப் மெயிலின் கீழே என் பெயரும் அலுவலக எண்ணும் இருக்கும். ஆத்தர்கள் யாரும் அந்த எண்ணுக்கு அழைப்பதில்லை. இவர் அழைத்தார்.

"ராஜேஸ்வரிங்களா? பேரப் பார்த்தேன், தமிழாத்தான் இருக்கும்னு தமிழ்லயே பேசறனுங்க. அந்த ஒயிட் ட்வார்ஃப் பேப்பருங்க."

கட்டுரை நினைவுக்கு வந்தது. வெள்ளைக் குள்ளன் என்று சொல்லப்படும் ஒரு சிறிய நட்சத்திரம் சீரான இடைவெளியில் மங்கி மங்கி மீள்கிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். டேபிளில் பல நட்சத்திரங்கள் உண்டு. பதினேழாவதுதான் கட்டுரையின் உயிர்.

"அதே நட்சத்திரத்த இன்னொரு டீம் பார்த்துட்டு, மங்கவே இல்லைன்னு எழுதிட்டாங்க. எங்க புரொபஸர் எல்லாத்தையும் முதல்லருந்து மறுபடி போட்டுப் பாருன்னாரு. போட்டுப் பார்த்தேன். எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க, நான் பார்த்தது நெசமா இல்லையான்னு. கடைசில அவங்களுக்கே மெயில் போட்டுக் கேட்டேன், எந்த இடத்துலங்க பார்த்தீங்கன்னு. உங்க டேபிள் டூல இருக்கற இடத்துலதான்னு சொல்றாங்க. போய்ப் பார்த்தா டேபிள்ள மைனஸக் காணோம்."

ஊருக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இருப்பது போல, வானத்தில் நட்சத்திரத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. இரண்டாவது எண்ணுக்கு டெக்ளினேஷன் என்று பெயர். நாங்கள் 'டெக்' என்போம்; அதை டிகிரி, மினிட், செகண்ட் என்று எழுதுவார்கள், அறுபது மினிட் ஒரு டிகிரி. வானத்தின் நடுக்கோட்டுக்கு வடக்கே இருந்தால் பிளஸ், தெற்கே இருந்தால் மைனஸ். குறி மாறினால் நட்சத்திரம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

நான் கோப்பைத் திறந்தேன். "மைனஸ் இருக்கே சார்."

"இல்லீங்களே."

"பதினேழாவது வரிசைதான சார்?"

"நானும் பதினேழாவதுதாங்க பாக்கறேன்."

"பதினாறு என்ன போட்டிருக்கு?"

"மைனஸ் மூணு டிகிரி."

"இங்கயும் அதான். பதினெட்டு?"

"பிளஸ் ஏழு."

"சரிதான். பதினேழு?"

"பூஜ்யம் பூஜ்யம் டிகிரி, பதினாலு மினிட். முன்னால ஒண்ணுமே இல்லீங்க."

"எனக்கு மைனஸ் பூஜ்யம் பூஜ்யம், பதினாலு மினிட்னு இருக்கு சார்."

அவர் மிக மரியாதையாக, "ஏனுங்க, நீங்க இப்ப சேத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. வெளியான கோப்பில் நாங்கள் கை வைக்கவே முடியாது. அதைச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பக்கத்து மேசையிலிருந்த நஸ்ரின் என் திரையை எட்டிப் பார்த்து, மைனஸ் இருக்கிறது என்று தலையாட்டினாள். அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

"சார், நீங்க எதத் திறந்து வச்சிருக்கீங்க?"

"டேபிள் டூங்க."

"பிடிஎஃப்லயா?"

"இல்லீங்க. வெப் பேஜ்ல டேபிளுக்குக் கீழ டவுன்லோடுன்னு ஒரு பட்டன் இருக்குதுல்லீங்க, அதுல."

நான் பார்த்தது பிடிஎஃப். அவர் பார்த்தது தரவிறக்கும் கோப்பு.

டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் பிடிஎஃப்பைப் பார்த்து எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வதில்லை. தரவிறக்கும் கோப்பை அப்படியே டெலஸ்கோப்பின் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கோப்பு, ஆத்தர் ஒப்புதல் கொடுத்த பிறகு எங்கள் ஸ்கிரிப்ட் என்கிற சிறு கணினி நிரல் தானாகச் செய்து அனுப்புவது. ப்ரூஃப் நிலையில் அது உருவாகியே இருக்காது. ஆத்தரும் பார்ப்பதில்லை, நாங்களும் பார்ப்பதில்லை. என் செக்லிஸ்ட் நீளமானது. படத்தில் எழுத்தின் அளவு முதல் மேற்கோளில் காற்புள்ளி வரை எல்லாம் உண்டு. இது கிடையாது.

ஏன் ஒரே ஒரு வரிசை

போனை வைத்த பிறகு குழப்பம் கூடியது. அந்த டேபிளில் மைனஸ் உள்ள வரிசைகள் பல இருந்தன. எல்லாவற்றிலும் மைனஸ் பத்திரமாக இருந்தது. பதினேழில் மட்டும் இல்லை.

என் சந்தேகங்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலாவது, ஆத்தர் அந்த வரிசையில் மட்டும் மைனஸுக்குப் பதிலாக வேறு கோடு ஏதாவது போட்டிருக்கலாம். பார்த்தேன். எல்லா வரிசையிலும் ஒரே கோடுதான்.

இரண்டாவது, நஸ்ரின் தெரியாமல் கை வைத்திருக்கலாம். கேட்டேன். "உன் டேபிளுக்குள்ள நான் எதுக்குடி வரப்போறேன்? அந்த எண்ணெல்லாம் பார்த்தாலே எனக்குத் தலை சுத்தும்" என்றாள். அவள் திருத்திய கோப்பிலும் மைனஸ் இருந்தது.

மூன்றாவது, பதினேழாவது வரிசையில் பக்கம் முறிந்து டேபிள் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். முறியவில்லை.

நான்காவதாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. டேபிளின் நகல் ஒன்றை எடுத்து, பதினேழில் பூஜ்யம் டிகிரியை ஒன்று என்று மாற்றி ஸ்கிரிப்டை ஓட்டினேன். மைனஸ் வந்தது. மறுபடி பூஜ்யமாக்கி ஓட்டினேன். போய்விட்டது. வேறு வரிசைகளிலும் இதையே செய்து பார்த்தேன். பூஜ்யம் போட்டால் போய்விடுகிறது. வேறு எது போட்டாலும் இருக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நஸ்ரின் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, "என்னடி பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றாள். சொன்னேன்.

"சைபருக்கு ஏதுடி மைனஸ்? வாங்காத கடனுக்கு வட்டி கேக்குற மாதிரில்ல இருக்கு."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். காரணமும் அதுவேதான். எங்கள் ஸ்கிரிப்ட் டிகிரி, மினிட், செகண்ட் மூன்றையும் தனித்தனி எண்ணாக எடுத்துக்கொள்ளும். மைனஸ் மூன்று என்பது ஓர் எண். மைனஸ் பூஜ்யம் என்று ஓர் எண் அதற்குக் கிடையாது. வெறும் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு குறியை விட்டுவிடும். டெக் எழுதும் முறையிலோ குறி டிகிரிக்கு முன்னால்தான் நிற்கும். பின்னால் வரும் பதினாலு மினிட்டுக்கும் அதுதான் குறி. அது போய்விட்டால், நடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில் இருக்கும் நட்சத்திரம் சற்றே வடக்கில் இருப்பதாக ஆகிவிடும். இரண்டு இடத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு முழு நிலாவின் அகலம். அந்தக் குழு பார்த்த இடத்தில் வேறொரு சாதாரண நட்சத்திரம் இருந்திருக்கிறது. அது எதற்கு மங்கப் போகிறது?

ஸ்கிரிப்ட் ராமர் அண்ணன் எழுதியது. வானியல் இதழ் எங்களிடம் வருவதற்கு முன்பு, கடல் உயிரியல் இதழ் ஒன்றுக்காக எழுதினார். ஆழம், வெப்பம், உப்பின் அளவு, மீன் பிடித்த இடத்தின் அட்சரேகை. மண்டபத்தில் தொடங்கி இலங்கை வரை எங்கே வலை போட்டாலும் அட்சரேகை எட்டு, ஒன்பது என்றுதான் வரும். எங்கள் கடலுக்கு மைனஸ் பூஜ்யம் ஒருநாளும் தேவைப்படவில்லை.

யாருடைய திருத்தம்

வெளியான கட்டுரையில் பிழை இருந்தால் இதழில் திருத்தம் வெளியிட வேண்டும். திருத்தம் இரண்டு வகை. பிழை எழுதியவருடையது என்றால் ஆத்தர் கரெக்‌ஷன். தயாரிப்பில் நடந்தது என்றால் பப்ளிஷர் கரெக்‌ஷன். தலைப்பிலேயே அது போடப்படும். உள்ளே படிக்காதவர்களும் தலைப்பைப் பார்ப்பார்கள்.

ராமர் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்கிரிப்டைத் திறந்து, குறிப்பிட்ட வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத்தன வருசமா ஓடுது தாயி."

"ஓடுதுண்ணே. பூஜ்யத்துல மட்டும்தான்."

"சரி, இத இப்பவே மாத்தீருவோம். அந்தாளுக்குக் கரெக்‌ஷன் போட்டுரு. அப்ரூவல் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்பறம் என்ன? ஆத்தர் கரெக்‌ஷன்."

"அந்தக் கோப்ப அவருக்கு நாம காட்டவே இல்லையேண்ணே."

"காட்டணும்னு ரூல் இருக்கா?"

"இல்ல."

"அப்ப?"

விதி அவர் பக்கம் இருந்தது. இதழின் தயாரிப்பு ஆசிரியர் ஹெலனுக்கும் எழுதிக் கேட்டேன். ஆத்தர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார் என்றால் ஆத்தர் கரெக்‌ஷன்தான் வழக்கம் என்று அவரும் எழுதினார். இவ்வளவு பேர் சரி என்று சொல்வது எனக்கு மட்டும் ஏன் நெருடுகிறது என்று புரியவில்லை.

ராமர் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "பப்ளிஷர் கரெக்‌ஷன்னு போனா விசாரண வைப்பாக. இந்த ஸ்கிரிப்ட்டு ஓடுன பழைய டேபிள் அம்புட்டையும் தோண்டணும். இங்கன இருக்குறது நாலு பேரு. எப்ப முடியும்? அந்தப் பையனுக்கு இன்டர்வியூ இருக்குன்ற. அவனுக்கு நல்லது பண்ணணும்னா சட்டுன்னு முடிச்சுக் குடு."

இன்டர்வியூ உண்மை. இந்தியாவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நிரந்தர வேலைக்குச் செல்வகணபதி விண்ணப்பித்திருந்தார். அடுத்த வாரம் நேர்காணல். அதற்குள் ஏதாவது ஒரு திருத்தம் வெளியானால் போதும் என்று இரண்டு மெயில் போட்டிருந்தார். ஆத்தர் கரெக்‌ஷன் என்றால் வந்துவிடும். ராமர் அண்ணன் தனக்குத் தொல்லையில்லாத வழியைச் சொன்னாரா, செல்வகணபதிக்கு நல்ல வழியைச் சொன்னாரா? இரண்டும் ஒரே வழியாக இருந்தது. அதுதான் சிக்கல்.

திருத்தத்துக்கு ஒரு நிலையான வாசகம் உண்டு. 'இரண்டாம் டேபிளின் பதினேழாம் வரிசையில் டெக்ளினேஷன் மதிப்பை ஆத்தர் தவறாக அளித்திருந்தார்' என்பது அதன் பொருள். அதை எழுதி, ஒப்புதலுக்காக அவருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கண்மாய்க் கரை

என் ஊர் உத்தரகோசமங்கை. மறுநாள் ஆருத்ரா தரிசனம். வீட்டில் நிற்க இடமில்லாமல் சொந்தக்காரர்கள். பக்கத்தில் சிக்கல் என்ற ஊரிலிருந்து வந்திருந்த மாமா என்னிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்க, அய்யா முந்திக்கொண்டு, "வானத்தப் பத்தின புஸ்தகம் போடுது" என்றார்.

"அப்ப ஒண்ணக் கொண்டாந்து குடுக்க வேண்டியதுதான ஆத்தா? நாங்களும் பாப்பம்ல."

"பேப்பர்ல வர்றதில்ல மாமா. கம்ப்யூட்டர்ல மட்டும்தான்."

"பேப்பர்ல வராம அது என்னத்தா புஸ்தகம்?"

போனில் ஒரு கட்டுரையின் பிடிஎஃப்பைத் திறந்து காட்டினேன். அவர் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுதான் அசலா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பிடிஎஃப் ஒன்று, வெப் பேஜ் ஒன்று, தரவிறக்கும் கோப்பு ஒன்று. மூன்றில் எது அசல் என்று முந்தைய நாள் வரை நான் யோசித்ததே கிடையாது.

அப்போதுதான் செல்வகணபதி அழைத்தார்.

"என்னங்க, அங்க ஒரே மேளச் சத்தமா இருக்குது?"

"ஊர்ல விசேஷம் சார். இருங்க, கொஞ்சம் தள்ளிப் போறேன்."

கூட்டத்தைத் தாண்டிக் கண்மாய்க் கரைக்கு நடந்தேன். கண்மாயில் தண்ணீர் பாதிக்கு இருந்தது. அந்தப் பக்கம் மிளகாய்ச் செய்யில் யாரோ களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"படிச்சனுங்க. நான் தப்பாக் குடுத்தேன்னு போட்டிருக்குது."

"ஆமா சார். அது நிலையான வாசகம்."

"நான் தப்பாக் குடுக்கலீங்களே."

"இல்ல சார்."

"பின்ன ஏனுங்க?"

ஸ்கிரிப்ட் மைனஸை விட்டுவிட்டது முதல் எனக்குத் தெரிந்ததை அப்படியே சொன்னேன். இரண்டு வகைத் திருத்தம் உண்டு. இதற்கு ஒப்புதல் கொடுத்தால் நேர்காணலுக்கு முன் வந்துவிடும். மறுத்தால் விசாரணை நடக்கும். பப்ளிஷர் கரெக்‌ஷனாக வரலாம். எப்போது வரும் என்று தெரியாது. நேர்காணலுக்கு முன் நிச்சயமாக வராது.

"பரவால்லீங்க. இன்டர்வியூல உட்கார்ந்திருக்கறவங்களுக்கு நான் ஒரு எண்ணத் தப்பாப் போட்டவன்னு தெரிஞ்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது. நட்சத்திரம் மங்கறது நெசம்னு தெரிஞ்சாப் போதும். அப்ரூவ் பண்ணிர்றேன்."

சரி சார் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சொல்வதற்குள் அவர் மறுபடி பேசினார்.

"ஒண்ணு கேக்கறனுங்க. இந்த ஸ்கிரிப்ட் என் டேபிளுக்கு மட்டும்தான் ஓடுச்சுங்களா?"

தெரியாது என்று சொல்லலாம். பழைய டேபிள்களில் என்ன ஆகியிருக்கிறது என்று அன்றைக்கு யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது அது இல்லை. ஸ்கிரிப்ட் ஓடியதா என்றுதான் கேட்டார்.

"எல்லா டேபிளுக்கும் ஓடுது சார்."

"அப்ப இது என் தப்புன்னு போயிருச்சுன்னா, மத்த டேபிள யாரும் பாக்க மாட்டாங்க."

"பாக்கணும்னு கட்டாயம் இருக்காது."

அவர் சிரித்தார். "நல்லா மாட்டுனனுங்க" என்றார். பிறகு பழைய கதை ஒன்றைச் சொன்னார்.

"நான் பிஎச்டி பண்ணும்போது, உங்க ஜர்னல்ல வந்த ஒருத்தரோட டேபிள்லருந்து ஒரு நட்சத்திரத்த எடுத்துப் பார்த்தேன். அங்க ஒண்ணுமே இல்ல. அந்தாளு சரியாப் பாக்கலன்னு எங்க குரூப் மீட்டிங்ல கிண்டல் பண்ணுனோம். அது நடுக்கோட்டுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. பூஜ்யமா ஒண்ணான்னு ஞாபகம் இல்லீங்க."

அது எந்தக் கட்டுரை என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

"இத அப்ரூவ் பண்ணலீங்க" என்றார். "நான் மறுத்துட்டேன்னு எழுதிக்கோங்க."

மாடியில்

மறுநாள், ஆத்தர் மறுத்துவிட்டார் என்று நான் சொன்னதும் ராமர் அண்ணன் கேட்டார். "அவன்ட்ட என்ன சொன்ன நீயி?"

"கேட்டாரு, சொன்னேன்."

"கேட்டா எல்லாத்தையும் சொல்லீர்றதா?"

நஸ்ரின் திரும்பாமலே, "பொய் சொல்லச் சொல்றீகளா அண்ணே?" என்றாள்.

"நான் எப்பம்மா பொய் சொல்லச் சொன்னேன்? தெரியாதுன்னு சொல்லலாம்ல? இப்ப அந்தப் பையன் இன்டர்வியூக்கு வெறுங்கையோட போகப் போறான். அது நல்லாருக்கா?"

நல்லாயில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று காலை முழுவதும் அவர் தன் மேசையை விட்டு எழவில்லை. பழைய டேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்து, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள வரிசைகளை அவரே ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டி எழுந்து வந்து என் மேசையில் சாய்ந்து நின்றார்.

"இன்னும் இருக்கு தாயி."

"எத்தனைண்ணே?"

"எண்ணல. ஒண்ணு ரெண்டு இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹெலனுக்கு நானே எழுதுறேன். எழுதுனவன் நான், நீ எதுக்கு எழுதிக்கிட்டு?"

அந்த மெயிலை எனக்கும் நகல் அனுப்பினார். நான்கே வரி. ஸ்கிரிப்ட் எப்படிப் பிழை செய்கிறது என்று இரண்டு வரி. இந்தக் கோப்பு ஆத்தரின் ஒப்புதலுக்குப் பிறகு உருவாவது, ஆகவே அவர் பார்த்திருக்க வழியில்லை என்று ஒரு வரி. மற்ற டேபிள்களிலும் இருக்கிறது என்று ஒரு வரி. மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் இல்லை. ஹெலன், செல்வகணபதியின் திருத்தத்தை நிறுத்தி வைத்துவிட்டு விசாரணை தொடங்குவதாகப் பதில் எழுதினார்.

நேர்காணல் அந்த இடைவெளியில் வந்து போனது. ஒருவர் அந்த வெளிநாட்டுக் குழு எழுதிய மறுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார். செல்வகணபதி தன் மூலக் கோப்பைக் காட்டி, தயாரிப்பில் மைனஸ் விடுபட்டுவிட்டது என்று விளக்கியிருக்கிறார். கேட்டவர், "எல்லாரும் பப்ளிஷர் மேலதான் பழி போடுவாங்க" என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். இதை அவர் எனக்கு மெயிலில் எழுதியபோது யாரையும் குறை சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு தனக்கும் பழக்கமானதுதான் என்று மட்டும் எழுதியிருந்தார்.

இப்போதைய நிலை

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒருவர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார் என்று யாராவது சொன்னால், அவருக்கு எதைக் காட்டி ஒப்புதல் வாங்கினோம் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எந்த விதியிலும் இல்லை. இருந்தாலும் கேளுங்கள்.

மற்றபடி எனக்குத் தெளிவில்லை. கண்மாய்க் கரையில் நான் சொன்ன பதிலால் பலருடைய டேபிள்கள் சரியாகிக்கொண்டிருக்கின்றன. அதே பதிலால் ஒருவர் கையில் திருத்தம் இல்லாமல் நேர்காணலுக்குப் போனார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்கிறேன். கூட்டவும் தெரியவில்லை, கழிக்கவும் தெரியவில்லை.

இன்றைக்கு நிலைமை இது.

ஸ்கிரிப்ட் மாற்றப்பட்டுவிட்டது. குறியை இப்போது எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. தரவிறக்கும் கோப்பு ஒப்புதலுக்கு முன்பே உருவாகி, ப்ரூஃபோடு ஆத்தருக்குப் போகிறது.

செல்வகணபதியின் கட்டுரைக்குப் பப்ளிஷர் கரெக்‌ஷன் வெளியானது. அந்த வெளிநாட்டுக் குழு சரியான இடத்தில் மறுபடி பார்த்தது. நட்சத்திரம் அவர் சொன்ன நேரத்தில் மங்கியது. மறுப்பை அவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இந்த மைனஸ்தான் காரணமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பழைய டேபிள்களை நானும் ராமர் அண்ணனும் பார்த்து வருகிறோம். பாதிக்கும் மேல் முடிந்துவிட்டது. பிழையுள்ள ஒவ்வொன்றின் ஆத்தருக்கும் எழுதுகிறோம். சிலர் நன்றி சொல்கிறார்கள். சிலருடைய மெயில் முகவரி இப்போது இயங்கவில்லை. செல்வகணபதி குழுவினர் கிண்டல் செய்த அந்த டேபிள் நேற்று என் கைக்கு வந்தது. டெக் மைனஸ் பூஜ்யம்தான். எழுதியவர் இப்போது ஆராய்ச்சித் துறையில் இல்லை. அவரை எப்படித் தேடுவது என்று செல்வகணபதியிடம் கேட்டிருக்கிறேன். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.